நல்லாருக்கு

"இவன்கிட்ட மட்டும் கேக்காதீங்க. எதைக் குடுத்தாலும் இவனுக்கு ஒரே பதில்தான்," என்றார் பல் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். டாக்டர் வீட்டுப் பின்னறையில் பீர் ரசிகர்கள் கூடியிருந்தார்கள். பீர், டாக்டரே காய்ச்சியது. மனைவி தவறிய பிறகு அவர் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு அது. இரண்டு வருஷத்தில் ருசி நன்றாகவே பிடிபட்டுவிட்டது. கூடவே மற்றவர்கள் நாக்குக்கு மார்க் போடும் வழக்கமும் வந்துவிட்டது.

"லேசா ஆரஞ்சுத் தோல் வாசனை வருது," என்றார் வங்கி மேனேஜர்.

"கடைசியில ஒரு கசப்பு நிக்குது பாருங்க, அதுதான் அழகு," என்றார் கண் டாக்டர்.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் பிளம்பர். பல் டாக்டரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். மேனேஜர் விடாமல் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார், எப்படி இருக்கு?"

பிளம்பர் வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லாருக்கு."

"நான்தான் சொன்னேனே!" டாக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ரெண்டு வருஷமா இதே பாட்டுதான். முதல் தடவை நான் காய்ச்சினது, பழைய ரப்பர் செருப்பை ஊறப்போட்ட தண்ணி மாதிரி இருந்துச்சு. ருசி பழகின அப்புறம்தான் எனக்கே அது புரிஞ்சுது. அதையும் ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு நல்லாருக்குன்னான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரிக்க ஆள் இருந்தால் டாக்டருக்கு வாய் நிற்காது.

"பாவம், நாள் முழுக்க சாக்கடையில கையை விடுறவன். அவன் மூக்குக்கு எது பீரு, எது கழுநீருன்னு எப்படித் தெரியும்?"

பிளம்பரும் சிரித்தார். மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். எழுந்துபோய் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப நான் வரேன், டாக்டர்."

நாற்பது வருஷமாக 'டேய்' என்று கூப்பிட்டவர். பெரிய மனுஷங்க முன்னால் மரியாதை கொடுக்கிறான் என்று டாக்டருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

அடுத்த ஞாயிறு பிளம்பர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. டிரம், டியூப், பாட்டில் எல்லாம் கழுவுவது ஆரம்பத்திலிருந்தே அவர் வேலை. "காய்ச்சறது நீ, கழுவறது நான்" என்று அவராகவே எடுத்துக்கொண்டது. இப்போது டாக்டரே முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு கழுவினார்.

"உள்ளதைச் சொன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வருது அவனுக்கு," என்று போனில் மகளிடம் சொன்னார்.

"நீங்களே ஒருதடவை போய்க் கூப்பிட்டா என்னப்பா?"

"வருவான் வருவான். எங்கே போயிடப் போறான்?"

ஒருநாள் தெருவில் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். தோளில் பைப்போடு வந்த பிளம்பர், "வணக்கம் டாக்டர்," என்றார். 'என்னடா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் முதலில் பேசட்டும் என்று டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

நாலு மாதம் ஓடியது. பீரில் ஏதோ ஒரு வாடை வர ஆரம்பித்தது. விருந்தாளிகள் ஆரஞ்சுத் தோலை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். டாக்டர் பார்லியை மாற்றினார். ஈஸ்ட்டை மாற்றினார். தண்ணீரைக்கூட மாற்றிப் பார்த்தார். ம்ஹூம். கண் டாக்டருக்கு ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு கல்யாணம் வந்தது. மேனேஜருக்கு முதுகுவலி வந்தது.

கடைசியில் டாக்டர், டிரம்மிலிருந்து பாட்டிலுக்கு பீர் இறக்கும் டியூபைக் கழற்றி மோந்து பார்த்தார். அதே பழைய ரப்பர் செருப்பு!

டியூபும் கையுமாகக் குழாய்ச் சாமான் கடைக்குப் போனார்.

கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, நம்ம பிளம்பர் அண்ணன் வாங்கற டியூபு! அந்த பீர் காய்ச்சற பிரெண்டு நீங்கதானா?"

"அவன் எதுக்கு இதை வாங்கறான்?"

"ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை வருவாரே. இருக்கிற டியூபையெல்லாம் எடுத்துப்போடச் சொல்லி ஒவ்வொண்ணா மோந்து பார்ப்பாரு. மூக்கா சார் அது! எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவரு, இதுல வாடை வருது, அதுல வாடை வருதுன்னு தள்ளிக்கிட்டே இருப்பாரு. 'கழுவும்போது மாத்தி மாட்டிடுவேன், அவனுக்குத் தெரியாது'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. இப்ப நாலு மாசமா வரலியா, நீங்க காய்ச்சறதையே விட்டுட்டீங்களோன்னு நினைச்சேன்."

டாக்டர் டியூபைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "டியூபுதான் நாறுதுன்னு முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். 'பொண்டாட்டி போனதுலேர்ந்து ஆறு மாசம் அவன் அறையை விட்டே வெளியே வரல. அப்புறம் முதல்முதலா காய்ச்சின பீரைக் கையில குடுத்துட்டு, எப்படிடா இருக்குன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டு, நாறுதுடான்னு எப்படிப்பா சொல்றது?'ன்னாரு."

டாக்டர் கடை வாசலுக்கு வந்து போனை எடுத்தார். நாலு தடவை மணி அடித்த பிறகு மறுமுனையில் எடுத்தார்கள்.

"டேய்... நான்தான்டா..."

மன்னிச்சுடுடா என்று சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லுங்க டாக்டர்," என்றார் பிளம்பர், மரியாதையாக. "குழாய் எங்கேயாவது ஒழுகுதுங்களா?"