எண்ணெய் பூசிய முட்டைகள்

குளத்து நடுத்திட்டு மரத்தில் கடைசிக் கூட்டுக்கு ஏணியைச் சாய்த்தபோது, அதிலிருந்த நீர்க்காகம் பறக்கவில்லை.

மற்றவையெல்லாம் ஏணியைக் கண்டதுமே தலைதெறிக்கப் பறந்துவிட்டன. இது மட்டும் அசையாமல் உட்கார்ந்து குளத்துக் காவல்காரனையே பார்த்தது. அடி பாவி, நீயும் பறந்து தொலையேன்!

வாளியைத் தட்டித் தட்டித்தான் அதை விரட்ட வேண்டியிருந்தது.

கூட்டில் நான்கு முட்டைகள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன.

மூன்று வருஷத்தில் ஆறு கூடு முப்பத்தொன்பதாகிவிட்டது என்று மீன்பிடிச் சங்கத்தாருக்கு ஏற்கெனவே எரிச்சல். இந்த முறை விட்ட மீன்குஞ்சும் காணாமல் போனதும், எல்லா முட்டைக்கும் எண்ணெய் பூசச் சொல்லிவிட்டார்கள். பூசினால் ஓட்டுக்குள் காற்று போகாது, குஞ்சு செத்துவிடும். உடைத்தால் பறவை மறுபடி முட்டையிடும். பூசினால் ஒன்றும் தெரியாமல், இன்றைக்குப் பொரியும், நாளைக்குப் பொரியும் என்று அடைகாத்துக்கொண்டே கிடக்கும்.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கீழே ஏணியைப் பிடித்திருந்த மச்சான், மனைவியின் அண்ணன், பொறுமையிழந்தான்.

“என்ன மாப்ள, கொஞ்சிக்கிட்டிருக்கியா? நாலாயிரம் மீன்குஞ்சை முழுங்கி ஏப்பம் விட்ட கூட்டம் இது. சட்டுபுட்டுனு பூசிட்டு இறங்கு!”

சொல்லிவிடலாம். இப்போது சொன்னாலும் இந்த நான்கு முட்டையாவது பிழைக்கும். சொன்னால் காவல் வேலை போகும். வேலையோடு, இரண்டு பெண்களும் தூங்குகிற அந்தக் குளக்கரை வீடும் போகும்.

தூரிகையை முக்கினான். பூசினான்.

அவன் இறங்குவதற்குள் பறவை திரும்பி வந்துவிட்டது. மினுங்கும் முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்துவிட்டு, மெல்ல மேலே படிந்து உட்கார்ந்தது.

படகு கரைக்குத் திரும்பும் வழியில் மடையைக் கடந்தது. மடைவாயில் கம்பிவலை ஒழுங்காக மாட்டியிருந்தது.

இப்போது மாட்டியிருந்தது.

போன மாதம் பாசி தேய்க்கக் கழற்றியதை மறந்துபோய், ஒன்பது நாள் கழித்துத்தான் அவன் திரும்ப மாட்டினான். அதற்குள் அத்தனை மீன்குஞ்சும் வாய்க்காலோடு போயிருந்தன.

சங்கக் கூட்டத்தில், மீன் எங்கே என்று அவனைத்தான் கேட்டார்கள்.

அவன் நீர்க்காக மரத்தைக் கைகாட்டினான்.