குட்டை வாசல்

கடைத்தெரு எரிந்த மூன்றாம் நாள் காலை. இருபத்தேழு கடைகளும் ஒரே சாம்பல் மேடாகக் கிடக்கின்றன. வெயில் மட்டும் எதுவும் நடக்காததுபோல வழக்கமான நேரத்துக்கு வந்து விழுகிறது. நாடாவோடு வந்திருக்கும் சர்வேயர், அவரவர் இடத்தைக் காட்டச் சொல்கிறார். காட்டத் தெரியாதவருக்கு மண்ணும் இல்லை. தையல்காரர் திருதிருவென்று விழிக்கிறார். "கண்ணைக் கட்டி விட்டாலும் கடைக்கு வந்துடுவேன்னு பெருமையடிச்சீங்களே," என்கிறாள், முப்பது வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்த மனைவி. "கண்ணைத் திறந்துகிட்டு வந்ததுதான் தப்பு," என்று முனகிவிட்டு அவர் தெருமுனைக்குத் திரும்பிப் போகிறார். அங்கிருந்து, தினமும் கடை திறக்க வருவதுபோல, கண்ணை மூடிக்கொண்டு வருகிறார். பூட்டில்லாத சாவிக்கொத்து விரலில் கிலுங்குகிறது. காலடியில் கண்ணாடித் துண்டுகள் நொறுங்குகின்றன. ஓரிடத்தில் திரும்புகிறார்; வெறும் காற்றில் தலையைக் குனிகிறார். "அசையாதீங்க. அதுதான் நம்ம வாசல்." "எப்படிச் சொல்றே?" "குனிஞ்சீங்களே." குனிந்தது அவருக்கே தெரியவில்லை. கடை வாசல் அவ்வளவு குட்டை. வந்த புதிதில் ஒரு மாதம் அவர் நெற்றி வீங்கியே இருந்தது. சர்வேயர் அந்தக் காலடியில் முளை அடிக்கிறார். ஐந்தடிகூட இல்லாத அவள் அங்கே ஒருநாளும் குனிந்ததில்லை. "உனக்காகவே வச்ச வாசல்டி" என்பது அவருடைய பழைய கேலி. இன்று அவள் முளையருகே ஒரு நிமிஷம் நிற்கிறாள். பிறகு, தலையை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போகிறாள்.