எண்பதில் நிற்கும் கேத்தல்

தண்ணீர் சுடவைக்கும் மின்சாரக் கேத்தல் ‘டிக்’ என்று நின்றது. கைப்பிடியில் 80°C என்று ஒளிர்ந்தது.

கடைக்காரர் லியோன் இரண்டு கோப்பைகளில் பச்சைத் தேயிலை போட்டு வைத்திருந்தார். ஒன்றில் வேறொரு கேத்தலிலிருந்து கொதிநீர் ஊற்றியாயிற்று. மற்றதில் இதை ஊற்றினார்.

“கொதிக்கக் கொதிக்க ஊத்தினால் உந்தத் தேயிலை கசக்கும் ஐயா. எண்பதோடை நிப்பாட்ட வேணும். குடிச்சுப் பாருங்கோ, விளங்கும்.”

நான் கோப்பையைத் தொடவில்லை.

எவரெவர் வாய் வைத்த கோப்பையோ என்று எங்கள் வீட்டு ஆண்கள் வெளியில் தேநீர் குடிப்பதில்லை. அச்சுவேலிச் சந்தையில் என் தகப்பனாரைக் கோப்பையும் கையுமாகக் கண்டவர் எவரும் இல்லை. என்னையும் இல்லை.

கேத்தல் தேவைதான். பாலும் சீனியும் கூடாது, பச்சைத் தேயிலை குடியுங்கள் என்று வைத்தியர் சொல்லி ஆறு மாதமாகிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கடைகள் இருக்க இந்தக் கடைக்கு வந்தது வினோஜாவுக்காக. என் ஒரே மகள். லியோனின் மகன் ஜஸ்ரினைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். குருநகரில் கடலுக்குப் போன குடும்பம். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். நான் சம்மதிக்கவில்லை.

“ஒருக்கால் அந்த மனிசனைப் போய்ப் பாத்திட்டு வாங்கோ அப்பா. பிறகும் வேண்டாமெண்டால் நான் வாய் திறக்கமாட்டன்” என்று நேற்றுச் சொன்னாள்.

பெண்ணைப் பெற்றவனாக இந்தப் படியில் ஏற என் முதுகு வளையாது. கேத்தல் வாங்க வந்தவனாக ஏறினேன். பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. அவர் உட்காரக் கதிரை போட்டார். நான் இருக்கவுமில்லை.

லியோன் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

பிறகு அலமாரித் தட்டிலிருந்து, விற்க வைத்திருந்த கோப்பைப் பெட்டி ஒன்றை எடுத்து ஒட்டுப் பிரித்தார். ஒரு கோப்பையைக் கழுவித் துடைத்து, புதிதாகத் தேயிலை போட்டு, எண்பதில் நின்ற நீரை ஊற்றினார்.

“இது ஒருத்தரும் வாய் வைக்காதது. கசப்பை நான் குடிக்கிறன். நீங்கள் இதைக் குடியுங்கோ.”

சொன்னபடியே கொதிநீர்த் தேநீரை எடுத்துக் குடித்தார். முகம் சுளித்தார். சிரித்தார்.

நானும் குடித்தேன்.

கசக்கவில்லை. ஆறு மாதமாக வீட்டில் நான் குடித்துவந்தது கசாயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இதையே கட்டுங்கோ” என்றேன்.

உத்தரவாத அட்டையை எடுத்து நிதானமாக எழுதினார். பெட்டிக்குள் வைக்குமுன், பிழை ஏதும் உண்டா என்பதுபோல் என் பக்கம் திருப்பினார்.

சி. பரமலிங்கம், அச்சுவேலி.

என் பெயர், என் ஊர். எழுத்துப் பிழை இல்லை.

அவர் பெட்டியைச் சுற்றக் கயிறு தேடினார்.

“கட்டுறதைப் பிறகு பாப்பம். இன்னொருக்கால் ஊத்துங்கோ” என்றேன். புதுக் கோப்பைக்கு அவர் கை நீண்டது.

“அதிலை வேண்டாம். நீங்கள் குடிச்ச கோப்பையிலை.”

லியோன் மீண்டும் பொத்தானை அழுத்தினார். எண்பது வரக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.