ஈரம் காயாத நன்றி

மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் நாத்தனாருக்கு நன்றி அட்டை செய்துகொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயில் மேசையில் விழுகிறது. பூ அச்சைச் சிவப்பு மையில் ஒற்றி, தேளை நசுக்குவதுபோல், விரித்துவைத்த மடிப்பு அட்டையின் இடப்பக்கத்தில் அழுத்துகிறாள். கணவன் பின்னால் நிற்கிறான். "அக்கா ஒரு மாசம் நம்ம வீட்டைப் பார்த்துக்கிட்டா. நன்றி சொன்னா வாய் வலிக்குமா?" "என் பூனையையும்தான் பார்த்துக்கிட்டாங்க. யாருக்குத் தூக்கிக் குடுத்தாங்கன்னு சொல்ல மட்டும் வாய் வலிக்குது." "வீடு பூரா முடி. அவ செஞ்சது சரிதான்." மேசைக்கடியில் பூனையின் பால்கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. வலப்பக்கத்தில் 'நன்றி' என்று திருத்தமாக எழுதுகிறாள். "மை காயட்டும், அப்புறம் மூடு," என்கிறான். அவள் உடனே மூடி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறாள். அவன் பிரித்துப் பார்க்கிறான். நன்றியின்மேல் சிவப்பு அப்பியிருக்கிறது. "இதையா குடுக்கிறது?" "இதைத்தான். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. பூனை இல்லாம திரும்பி வராதீங்க."