இரண்டாவது டம்ளர்

அவள் இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள். மணி பதினொன்றேகால்.

பன்னிரண்டுக்குள் இதை முடிக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். டாக்டர் முதலில் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"மூணு டம்ளரா சார்?"

"லிட்டரும்மா."

நான்கு வருடம் முக்கால் லிட்டரில் வாழ்ந்தவள். மாத்திரை விழுங்கும் தண்ணீர், ரசம், காலைக் காப்பி எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. கொஞ்சம் கூடக் குடித்தாலும் மூச்சு முட்டும். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

படுத்தபடியே அவள் மனதுக்குள் குடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு.

எட்டு வயதில், தேரோட்டத்தன்று வாங்கிக் குடித்த ஆரஞ்சு கலர். சாயங்காலம் வரை நாக்கை நீட்டி நீட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் கலர் சின்னப் பிள்ளைகள் குடிப்பது என்றாகிவிட்டது. பன்னீர் சோடா. கல்யாணமான புதிதில், ஜங்ஷன் கடையில் அவரோடு திராட்சை ஜூஸ். மகள் வயிற்றில் இருந்தபோது தினம் ஒரு இளநீர். துணிக்கடை வேலைக்குப் போன பிறகு எலுமிச்சை சர்பத், ஐஸ் கூடுதலாக.

ஒவ்வொன்றும் அலுத்துத்தான் அடுத்ததற்குப் போனாள்.

டயாலிசிஸ் கட்டிலில் எல்லாம் திரும்ப வந்து நின்றன. அலுத்துப்போன கலர்கூட.

பிறகு அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள்.

நாலு மாதம் ஆகிறது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம், அவர் பாலைக் காய்ச்சிக் குளிரவைத்து ரோஸ்மில்க் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய்தான். இனிப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. மறுநாள் எலுமிச்சை. அதிலும் ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாள்.

"மாத்திர நாக்க மாத்திப்போட்டுது. போகப் போகச் சரியாயிரும்" என்றார்.

தலையாட்டினாள்.

போன மாதம் அக்காவுக்குக் கால் வீங்கியது. கோவில்பட்டியில், பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் அத்தான் யாரிடமோ சொன்னதுதான் கேட்டது.

"ஒத்தக் கிட்னிய வச்சுக்கிட்டு என்ன பாடு படுதா பாரு. காலு ரெண்டும் பொதபொதன்னு வீங்கிக் கெடக்கு."

கால் வீக்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் காலில்தான் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மடக்கும் அக்காவிடமிருந்து எடுத்துக் குடிப்பது போலிருந்தது. ஆனாலும் குடித்தாள். அக்கா கொடுத்ததைக் காப்பாற்ற வேண்டுமே.

இன்று அக்காவுக்குப் பரிசோதனை. காலையிலேயே பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நானும் வருகிறேன் என்றதற்கு விடவில்லை. உனக்கு நோய் தொற்றிக்கொள்ளும், வீட்டில் கிட என்று சொல்லிவிட்டாள்.

பாட்டில் பாதியில் நின்றது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

அக்கா வியர்வையோடு உள்ளே வந்தாள். அவள் முதலில் பார்த்தது அக்காவின் கால்களை.

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அக்கா கையிலிருந்த உறையை நாற்காலியில் போட்டாள். மின்விசிறியைக் கூட்டி வைத்து, அதற்கு நேர் கீழே நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஏட்டி செம்பகம், என்ன அப்படிப் பாக்க? ஒண்ணுமில்ல. கிட்னி ஜோராத்தான் இருக்காம். நாள் பூரா அடுப்புகிட்ட நிக்கேம்லா, அதுல வந்த வீக்கமாம். உக்காந்து காய் நறுக்கச் சொல்லுதாரு டாக்டரு."

அவள் உறையைப் பிரித்தாள். இந்தக் காகிதங்களை நான்கு வருடமாகப் படிக்கிறவள். எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

பார்த்தாள். விரலை வைத்து மறுபடி பார்த்தாள். அடுத்த தாளிலும் பார்த்தாள்.

எல்லா எண்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் அக்கா அடுக்களைக்குப் போயிருந்தாள். ஃப்ரிட்ஜ் திறந்து மூடியது. தயிர் கடைகிற சத்தம். அக்காவுக்கு எந்த வயதிலும் மோர்தான். கலரும் சோடாவும் அவளை அசைத்ததில்லை. தங்கைக்கோ மோர் வாடையே ஆகாது. சின்ன வயதில், அக்கா மோர் குடித்த டம்ளரைக் கழுவியபிறகும் முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பாள்.

அக்கா ஒரே ஒரு டம்ளரோடு வந்தாள். உப்பும் பெருங்காயமும் போட்டு, கறிவேப்பிலையைக் கசக்கி விட்ட மோர். வெளிப்பக்கம் பனித்துச் சொட்டியது.

அவள் கையை நீட்டினாள்.

அக்காவுக்குப் புரியச் சற்று நேரமானது. கொடுத்தாள்.

முதல் மடக்கில் புளிப்பு. பிறகு உப்பு. பிறகு குளிர்ச்சி, தொண்டை வழியாக நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு. எங்கும் ஒட்டவில்லை. அவள் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. கறிவேப்பிலை பல்லில் கடிபட்டது. அதையும் மென்றாள்.

அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாருக்குட்டி. கிட்னியக் குடுத்தா, கூடவே எம் மோரையும் புடுங்குதியா?"

அவள் சிரித்தாள். மூக்கில் ஏறிவிட்டது. இருமினாள். அக்கா குனிந்து தலையில் தட்டினாள்.

அவள் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை அக்காவிடம் நீட்டினாள்.