திங்கள்காரன் கை

விடிந்தும் விடியாமலும் குழந்தையை முற்றத்துக்குக் கொண்டுவந்து என் மடியில் கிடத்திவிட்டார்கள்.

பிறந்து எட்டாம் நாள், பெயர் வைக்கிற நாள். என் தம்பி குவாக்கு பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை.

பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை பிறந்த ஆண்பிள்ளை குவாக்கு, அப்பனைப் போலவே. திங்கள் பிறந்த நான் குவாஜோ. எங்களுக்குக் கிழமை பெயரோடு நிற்பதில்லை, குணத்தையும் சேர்த்தே கொடுத்துவிடும். திங்கள்காரன் சாது. புதன்காரன் முரடன்.

"அப்பனும் புதன், பிள்ளையும் புதன். இனி இந்த வீட்டுல ஒரு தட்டு முழுசா இருக்குமா!" என்றாள் அமா அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

எங்கள் தங்கை அஃபியா கிணற்றில் விழுந்து செத்துப்போன அன்று பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து. அம்மா ஓடிவந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கிழமையே சொல்லிவிட்டதே.

பிறகு அவன் அப்படியேதான் ஆனான். பள்ளிக்கூடத்தில் அடிதடி, குமாசி லாரி நிலையத்தில் அடிதடி, ஒரு தடவை சிறையும். ஒவ்வொரு முறையும் ஊர் தலையாட்டிக்கொண்டது.

என் முன்னால் இரண்டு குவளைகள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் சாராயம். விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டும். வைக்கிறவன் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் நல்ல ஆளாகத் தேடுவார்கள். இந்த வீட்டில் யாரும் தேடவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தார்கள்.

தம்பி என் காதருகே குனிந்தான்.

"நல்லா வைண்ணே. உன் குணமே வரட்டும். என் கை இவனுக்கு வேண்டாம்."

எழுந்திருக்கப் போனவன், மறுபடி குனிந்தான்.

"எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேண்ணே. அவளைத் தள்ளினது ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. ஆனா நான்தானே தள்ளியிருக்கணும்?"

என் முகத்தையே பார்த்தபடி நின்றான். பதில் சொல்ல எனக்கு வேண்டியமட்டும் நேரம் இருந்தது. பயமாக இருந்தது. குவளையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

விரலை நனைத்தேன். சொல்ல வேண்டியது எல்லாருக்கும் மனப்பாடம்.

"தண்ணின்னா தண்ணின்னு சொல்லு. சாராயம்னா சாராயம்னு சொல்லு. பொய் சொல்லாத."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. திங்கள்காரன் திங்கள்காரன்தான் என்று பின்னால் யாரோ மெச்சிக்கொண்டார்கள்.

குழந்தை என் விரலை இறுகப் பிடித்துச் சப்பியது. தம்பி அழுதுகொண்டே, அவன் மகன் விடாத அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

அன்று அந்தக் கையில் வாட்டிய சோளக்கதிர் இருந்தது.

ஒரு கடி கேட்டு அஃபியா அதைப் பிடித்து இழுத்தாள். நான் தள்ளிவிட்டேன்.