இன்னும் ஒரு முழம்

கட்டி முடித்த பாலம் மறுகரையை எட்டவில்லை. மறுநாள் திறப்புவிழா. எட்டாத அந்தக் கரையிலேயே உட்கார்ந்து, மூளை திறக்கட்டும் என்று பொறியாளர்கள் மூவர் போதைக் காளான் கஷாயம் குடித்தார்கள். யாராவது ஒருவர் தெளிவாக இருந்து உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இம்முறை குடிக்காதவள் நான்காவது பொறியாளர் பூங்கோதை.

வெயில் ஏறியதும் தலைமைப் பொறியாளர் இருதயராஜ் துள்ளி எழுந்தார். “பாலத்த ஏன்யா நீட்டணும்? ஆத்த நகத்துவோம்!”

மூவரும் தண்ணீரில் இறங்கி, நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுவதுபோல ஆற்றுக்குத் தோள் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் இருதயராஜ் கத்தினார். “எங்க கண்ண நம்ப முடியாது. நீ சொல்லும்மா, நகருதா?”

பூங்கோதை குனிந்து பார்த்தாள். அவள் காலடியிலிருந்து பாலத்தை நோக்கி நீண்ட ஈர மணலில் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன.

“தம் புடிச்சுத் தள்ளுங்க சார். இன்னும் ஒரு முழந்தான்.”